அலசச் சொன்ன வரி

உதவி ஆசிரியரின் வேலை, பிறர் எழுதியதைக் குறைப்பது. ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதி அனுப்பியதை, பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு ஏற்பக் கையையோ காலையோ எடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டும். (கொடூரமாகத் தெரியலாம். பக்கம் ரப்பரால் ஆனதல்ல.) இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் வரிகளை வெட்டியிருக்கிறேன். ஒன்றுக்காகவும் வருந்தியதில்லை. ஆனால் நான் வெட்டிய ஒரு வாக்கியத்துக்காக என் குடும்பம் ஒன்பது வருடமாக வருந்திக்கொண்டிருக்கிறது. அதுவும் விருந்தாளிகள் வந்திருக்கும்போது, நான் பக்கத்தில் இருக்கும்போது, சத்தமாக. அவர்கள் தரப்பு ஊர் முழுக்கத் தெரியும். இது என் தரப்பு.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. திருச்சியில் ஒரு நாளிதழில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாகவில்லை. அரசியல் செய்திகளைத் திருத்தப் பிறந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம். அலுவலகத்துக்கு அந்த எண்ணம் இல்லாததால், வியாழக்கிழமை இணைப்பிதழில் வீட்டுக் குறிப்புகள் பக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். பூஞ்சை பிடிக்காமல் ஊறுகாய் வைப்பது, வெள்ளிக் கிண்ணத்தைப் பளபளப்பாக்குவது, இப்படி. அதைக் கொஞ்சம் மூக்கைச் சுளித்தபடி, அரசியல் செய்தியைப் பார்ப்பது போலவே பார்த்தேன். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

செய்தி நீண்டுவிட்டால் அடியிலிருந்து வெட்ட வேண்டும். எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது இது. முக்கியமானதெல்லாம் மேலே இருக்கும்; கீழே போகப் போக உப்புச்சப்பு குறையும். விபத்துச் செய்தியின் கடைசி வரி ‘போலீசார் விசாரித்து வருகின்றனர்’ என்பதாக இருக்கும். அதை வெட்டினால் விசாரணை நின்றுவிடாது. ஏழு மாதமாக இந்த விதியை நான் ஒரு மார்க்கம் போலப் பின்பற்றிவந்தேன்.

அந்த வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து வைதேகி என்ற வாசகி, காய் வெட்டும் பலகையைச் சுத்தம் செய்யும் முறையை எழுதி அனுப்பியிருந்தார். கறி வெட்டிய பலகையில் காய் வெட்டக்கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பலகை வேண்டும். முதலில் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் அளவில் துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தைக் கலந்து, பலகை முழுக்க ஊற்றி, சில நிமிடம் அப்படியே விட வேண்டும். அதற்குக் கீழே இன்னும் நான்கு வரி இருந்தது. பக்கத்தில் இடம் இல்லை. நான்கு வரியையும் எடுத்தேன். ‘அப்படியே விட வேண்டும்’ என்பதற்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். அழகாகப் பொருந்தியது. பக்கத்தை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இனி என் அக்கா ஷமீமா. என்னைவிட ஏழு வயது மூத்தவள். பாலக்கரையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் குடியிருந்தாள். மச்சான் ஜாகிர் ஷார்ஜாவில். கல்யாணமான எட்டு வருடத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருடம் தேறாது. அக்கா நன்றாகச் சமைப்பாள். சின்னச் சின்ன விசேஷங்களுக்குச் சாப்பாடு செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கைலாசபுரம் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு மன்றம், புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகும் நாற்பது வீடுகளுக்குத் தினமும் மதியச் சாப்பாடு தர ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு, போய்ப் பேசினாள். வரும் ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூடத்தில் அறுபது பேருக்கு ஒரு வேளை சமைத்துக் காட்டுங்கள், பிடித்தால் ஆர்டர் உங்களுக்கு என்றார்கள். அது கிடைத்தால் மச்சான் இந்தமுறை விசாவைப் புதுப்பிக்காமல் ஊருக்கே வந்துவிடுவது என்று இருவரும் போனில் முடிவு செய்திருந்தார்கள். அக்கா இதைச் சொன்னபோது அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மன்றச் செயலாளர் செல்வராஜ், தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருப்பவர். ருசி அப்புறம், முதலில் சுத்தம் என்று அக்காவிடம் மூன்று தரம் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா கவலைப்பட்டாள். நான் கவலைப்படவில்லை. காந்தி மார்க்கெட் பக்கம் வாங்கிய இரண்டு பெரிய மரப்பலகைகள் அவளிடம் புதிதாக இருந்தன. என்னிடம் வியாழக்கிழமை இணைப்பிதழ் இருந்தது. குறிப்பை வெட்டி எடுத்துப்போய், அவள் சமையலறைச் சுவரில் என் கையாலேயே ஒட்டினேன்.

“இதுல உள்ளபடி செய். ஒரு எழுத்துக்கூட மாத்தாத” என்றேன்.

அக்கா மாற்றவில்லை. அதுதான் வினை. சனிக்கிழமை மத்தியானம் பலகைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, அளந்து கலந்த பிளீச்சிங் தண்ணீரை ஊற்றினாள். ஒரு தரம் அல்ல. தொழுகைக்கு முன் உளூச் செய்யும்போது கை, முகம், கால் எல்லாம் மூன்று மூன்று முறை கழுவிப் பழகியவர்கள் நாங்கள். மூன்று முறை செய்யாத எதையும் எங்கள் வீட்டில் சுத்தம் என்று ஒப்புக்கொள்வதில்லை. அதனால் மூன்று தரம் ஊற்றி, மூன்று தரம் அப்படியே விட்டு, பலகைகளை மொட்டைமாடி வெயிலில் காய வைத்தாள். மரம் குடித்ததைக் குடித்துக்கொண்டது. மறுநாள் காலை அதன்மேல் வெங்காயம், வெள்ளரி, தர்பூசணி எல்லாம் வெட்டினாள். அடுப்புப் புகையும் மசாலா வாசமும் நிறைந்த அந்த அறையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஞாயிறு மதியம் நானும் போயிருந்தேன். (யாரும் கூப்பிடவில்லை. பத்திரிகைக்காரன் ஒருவன் கூட இருந்தால் அக்காவுக்கு மதிப்பு என்று நானே முடிவு செய்திருந்தேன். சட்டைப்பையில் இரண்டு பேனா.) பிரியாணி, தால்சா, கத்தரிக்காய், தயிர் வெங்காயம், கடைசியில் தர்பூசணி. முதல் பந்தியில் பிரியாணியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச வாய் ஒழியவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாக உட்கார்ந்தாள். அப்போது முதல் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் தயிர் வெங்காயத்தை வாயில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், குழாய்த் தண்ணியில மருந்து போடுற அன்னைக்கு வருமே, அந்த வாடை வருது என்றார். பக்கத்தில் இருந்தவர் தர்பூசணியை எடுத்துக் கடித்தார். கடித்ததை இலையில் வைத்தார்.

செல்வராஜ் எழுந்து வந்தார். தர்பூசணியில் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். கால்வாசி கடித்து, மெதுவாக மென்று, விழுங்காமல் ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்து, பாக்கெட் நோட்டில் ஏதோ எழுதினார். தயிர் வெங்காயத்துக்கும் இதையே செய்தார். பிறகு, பிரியாணி சரி, மற்ற இரண்டையும் யாரும் தொடாதீர்கள் என்று அறிவித்தார். இரண்டு பெரிய தாம்பாளத் தர்பூசணியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். கூடம் வழிவிட்டு நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது இதைச் சொல்வதில்லை.

“எந்தப் பலகையில வெட்டினீங்க? அதை எப்படிக் கழுவினீங்க?” என்று செல்வராஜ் அக்காவைக் கேட்டார். அக்கா வாய் திறப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றேன்.

“எங்க பேப்பர்ல போட்ட முறைப்படி செஞ்சிருக்கு சார்.”

“என்ன போட்டிருக்கு?”

மனப்பாடமாகச் சொன்னேன். சோப்பு, அளவு, ஊற்றுவது, அப்படியே விடுவது.

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல சார். அவ்வளவுதான்.”

“அலச வேண்டாமா?”

அந்த நொடியில், நான் எடுத்துப்போட்ட நான்கு வரியும் வைதேகி அம்மாளின் குண்டுகுண்டான கையெழுத்தில் என் கண்முன் வந்து நின்றது. ‘பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, வாடை போகக் காய்ந்த பின்பே பயன்படுத்தவும்.’ எழுத்துப் பிழைகூட இல்லாத வாக்கியம். ஓர் உதவி ஆசிரியர் செத்தாலும் மறக்க முடியாத வாக்கியம். நான் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொன்னேன். அந்தக் கூடத்தில் அப்போது சொல்லக்கூடாத வார்த்தை தண்ணீர்தான்.

அக்கா விடவில்லை. “பினாயில் போட்டுத் துடைச்ச தரையை யாராவது திரும்பக் கழுவுவாங்களா சார்? கிருமி சாகணும்னா மருந்து இருக்கணும்ல?”

“தரையில தர்பூசணி வெட்டுறதில்லையேம்மா” என்றார் செல்வராஜ். ஆனால் அவர் நியாயமான மனிதர். எங்கே கோளாறு என்று தெரியாமல் எதையும் தள்ளுவது தன் தொழிலில் வழக்கமில்லை என்றார். அடுத்த ஞாயிறு மன்றக் கமிட்டி கூடும்; அதற்குள் காரணத்தை எழுத்தில், ஆதாரத்தோடு கொண்டுவந்தால் மறுபடி ஒரு வாய்ப்பு, இல்லாவிட்டால் வேறு ஆள்.

பாத்திரங்களோடு லோடு ஆட்டோவில் திரும்பும்போது அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். தலைமைத் தபால் நிலையம் தாண்டியதும் கேட்டாள்.

“எத்தனை வரி?”

“நாலு.”

“நாலு வரிக்கு இடம் இல்ல. அந்த இடத்துல என்ன போட்டீங்க?”

“ஊறுகா விளம்பரம்.”

பாலக்கரை வரும்வரை காலி அண்டா உருளாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மறுநாள் மச்சானிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மச்சான் கோபப்படத் தெரியாதவர். இந்த மாசக் கடைசிக்குள்ள விசாவுக்குப் பதில் சொல்லணும் ரபி, நான் என்னன்னு சொல்லட்டும் என்று கேட்டிருந்தார். பின்னால் கான்கிரீட் கலவை இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது.

திருத்தம் போடச் சொல்லிப் பொறுப்பாசிரியரிடம் போனேன். வீட்டுக் குறிப்புக்கெல்லாம் திருத்தம் போட ஆரம்பித்தால் நாளைக்கு ரசப்பொடிக்கும் கேட்பார்கள் என்று அனுப்பிவிட்டார். மூலப்பிரதியைத் தேடினேன். அச்சானவற்றைக் கிழித்துப் போடுவதும் என் வேலைதான். அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தேன். மிச்சம் இருந்தது ஸ்ரீரங்கம்.

வைதேகி மாமி சித்திரை வீதியில் இருந்தார். ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை. கதவைத் திறந்ததும் பத்திரிகையின் பெயரைச் சொன்னேன். “ஓ, அந்தக் கத்தரிக்கோல் நீர்தானா” என்றார். உள்ளே வரச் சொன்னார். குடிக்கத் தீர்த்தம் கொடுத்தார். அனுப்பிய ஒவ்வொரு குறிப்புக்கும் நகல் எடுத்து, எண் போட்டு, கோப்பில் வைத்திருந்தார். நான் வெட்டிய குறிப்பின் எண் நாற்பத்தொன்று. எடுத்தார், கொடுக்கவில்லை.

“முதல்ல நீர் ஒரு தரம் பண்ணிக் காட்டும். பண்ணத் தெரியாதவா கையில என் காகிதத்தைத் தரமாட்டேன்.”

கொல்லைக் குழாயடியில் அவருடைய பலாமரப் பலகையை என் முன் வைத்தார். பேன்ட்டை மடித்துவிட்டு உட்கார்ந்தேன். தேய்த்தேன். கலந்தேன். ஊற்றினேன். சில நிமிடம் என்பது எத்தனை நிமிடம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. மாமி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அதற்குள் நானும் பதிலுக்கு ஒன்று கேட்டேன். இவ்வளவு முக்கியமான வரியை மேலே எழுதியிருக்கக்கூடாதா என்று. (இன்றும் இது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன்.)

“அலசறதை முதல்ல எழுதினா, எதை அலசறதாம்?”

குழாயைத் திறந்தேன். இரண்டு முறை அலசினேன். பலகையைத் திண்டின்மேல் படுக்க வைத்தேன். மாமி வந்து அதைச் சுவரோரம் நிறுத்தி வைத்தார். படுத்திருந்தால் அடியில் ஈரம் நிற்கும், அங்கே மறுபடி கிருமி குடிவரும் என்றார். நாங்கள் கறி சமைக்கும் வீடு, நீங்கள் கறிப்பலகையைப் பற்றி எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். கறிப்பலகையைக் கண்ணால் பார்த்ததில்லை என்றார். “கிருமி ஆசாரம் பார்க்கறதில்லையே. நான் பாடம் நடத்தினதும் எல்லாக் குழந்தைகளுக்கும்தானே.” நகலைக் கொடுத்தார். அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கைலாசபுரத்தில் கமிட்டி கூடியது. செல்வராஜ் நகலையும் அச்சான குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். அந்த நான்கு வரியில் பென்சில் நின்றது.

“இருந்த வரி இல்லாம போயிருக்கு. எடுத்தது யாரு?”

“ஆபீஸ்ல சார்.”

“ஆபீஸுக்குக் கை கிடையாது. எங்க ஒர்க்ஷாப்புல ஒரு போல்ட் மாறினாலும் மாத்தினவன் கையெழுத்து இருக்கும். பேர் வேணும். கையெழுத்து வேணும். ஒரு காப்பி உங்க எடிட்டருக்கும் போகும்.”

அவர் ஒரு தாளில் எழுதி என் பக்கம் தள்ளினார்: ‘அலசச் சொன்ன வரி இல்லாமல் போனது உதவி ஆசிரியரின் தவறால்.’ நிரந்தரமாகாத ஏழு மாத வேலை என் சட்டைப்பையில் இரண்டு பேனாவாகக் கனத்தது. செய்தித்தாள் அப்படித்தான் இயங்கும், இடம் என்று ஒன்று உண்டு, உலகத்தில் எந்தப் பத்திரிகையிலும் இதற்கெல்லாம் கையெழுத்துக் கேட்பதில்லை என்று பேசிக்கொண்டே போனேன். கமிட்டி கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா எழுந்தாள்.

“அவன் போட வேணாம் சார். அவனுக்கு வேலை போயிரும். என் கைத்தப்புன்னே எழுதிக்குங்க, ஆர்டரை வேற யாருக்காச்சும் கொடுங்க. ஆனா ஒண்ணு. என் பலகை அழுக்கா இருந்துச்சுன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. அன்னைக்கு இந்த ஊர்லயே சுத்தமான பலகை அதுதான்.”

சொல்லிவிட்டு, கிளம்பலாம் என்பதுபோல் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

நான் பேனாவை எடுத்தேன். முதலில் ‘தவறால்’ என்ற சொல்லை அடித்தேன். மேலே ‘இடப் பற்றாக்குறையால் விடுபட்டது’ என்று எழுதினேன். செல்வராஜ் எட்டிப் பார்த்தார்.

“இது காரணம். ஆள்?”

“நான்” என்று எழுதி, பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் ஒருநாள் விடியற்காலையிலேயே செல்வராஜ் பாலக்கரைக்கு வந்து, பலகைகளை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்து, அங்கேயே நின்று வெள்ளரிக்காய் வெட்டச் சொல்லித் தின்றார். நாற்பது வீடு அக்காவுக்குக் கிடைத்தது. இன்று நூற்றுப்பத்து. மச்சான் அந்த மாதக் கடைசியில் வந்தவர் பிறகு போகவில்லை. சாப்பாட்டுக் கேரியர் வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். என் வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. பொறுப்பாசிரியர் அந்த நகலைப் படித்துவிட்டு, ‘விடுபட்டது’ நல்ல சொல் என்று மட்டும் சொன்னார். வைதேகி மாமி இன்னும் எழுதுகிறார். அதற்குப் பிறகு அவர் அனுப்பும் எல்லாக் குறிப்பும் முடிவிலிருந்துதான் தொடங்குகிறது. ‘அடுப்பை அணைக்க மறக்க வேண்டாம். இனி, மிளகு ரசம்.’

செல்வராஜ் கொடுத்த தாளை அக்கா பிளாஸ்டிக் உறை போட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கிறாள். பலகைகள் அதன் கீழே நிமிர்ந்து நிற்கின்றன. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் பாடம் அந்தத் தாள். எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் இப்போது யாரும் நம்புவதில்லை, எழுதச் சொல்கிறார்கள். போன மாதம், மழை வராது, துணியை மாடியிலேயே காயப்போடலாம் என்றேன். பதினான்கு வயதான அக்கா மகள் நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினாள். “மாமு, கையெழுத்து.” மச்சான் அவள் பக்கம். ஷார்ஜாவில் படிக்கத் தெரியாத அரபித் தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன் ரபி, நீ சொன்னதுக்கு நீ போட என்ன வலிக்குது என்கிறார்.

போடுகிறேன். எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. ஆனால் விருந்தாளிகளுக்கு முன்னால் அக்கா அந்தத் தாளைக் காட்டி, என் தம்பி தப்பு பண்ணிட்டான்னு அவனே எழுதிக் கொடுத்தது என்று சொல்லும்போது மட்டும் நான் எழுந்துவிடுவேன். கிட்டே போய்ப் படித்துப் பாருங்கள் என்பேன். அதில் தவறு என்ற சொல் அடிக்கப்பட்டிருக்கிறது. விருந்தாளிகள் கிட்டே போய்ப் படிப்பார்கள். படித்துவிட்டு, அடித்த சொல்தான் நன்றாகத் தெரிகிறது என்பார்கள்.